என் சட்டத்தை நான் தேர்ந்துகொள்ளலாமா?

(நெல்லித்தோப்பில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் நெல்லித்தோப்பு சிக்னலில் காலை ஒன்பது மணிக்குக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். இன்னொருவர் அதைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்திருப்பார். மூன்றாமவர் தூரத்தில் போலீஸ்காரரைக் கண்டதும் தலையில் கவிழ்ப்பார், அடுத்த முனை திரும்பியதும் கழற்றிவிடுவார். இவர்கள் முட்டாள்கள் அல்லர். ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்று மூவருக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் பயப்படுவது விபத்துக்கு அல்ல, அபராதத்துக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் உரிமம் நிறுத்தம். அதே 129ஆம் பிரிவு, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கும் தருகிறது. ஒருவருடைய நம்பிக்கை அவருடைய தலைக்கு வரும் ஆபத்தைவிடப் பெரியது என்பதை இங்கே சட்டமே ஒப்புக்கொள்கிறது.

2019 பிப்ரவரியில் இந்த ஹெல்மெட் நம் ஊரில் என்ன பாடுபட்டது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தாமே சாலையில் இறங்கி வண்டிகளை நிறுத்தினார். முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். அவருடைய கோரிக்கைகளில் ஹெல்மெட்டும் ஒன்று: முதலில் மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள், பிறகு அபராதம் போடுங்கள் என்றார். 2016 நவம்பர் இடைத்தேர்தலில் இதே நெல்லித்தோப்புத் தொகுதி தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அவர். அந்தச் சண்டையில் யார் சரி என்பது அரசியல் மேடைக்கு உரிய பேச்சு. எனக்கு வேண்டியது அதன் அடியில் கிடக்கும் கேள்வி. என் தலை என்னுடையது. அதை நான் காத்துக்கொள்ளாவிட்டால் என்னைத் தண்டிக்கும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் சிந்தனை மரபு ஒன்று உலகில் உண்டு. லிபர்டேரியன்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். தனிமனிதரின் உயிர், உடல், உடைமை ஆகியவற்றைப் பிறர் தாக்காமல் காப்பதோடு சட்டத்தின் வேலை முடிந்தது என்பது அவர்கள் கட்சி. பிரெஞ்சுக்காரரான பிரெடெரிக் பஸ்தியா, 1850இல் தாம் இறந்த அதே ஆண்டில், சட்டத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தனி ஆள் செய்தால் குற்றமாகும் காரியத்தைச் சட்டம் போட்டுச் செய்தாலும் அது குற்றம்தான் என்பது அதன் சாரம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எல்லையை இன்னும் தெளிவாக வரைந்தார். ஒருவர் செயல் பிறரைப் பாதிக்கும்போதுதான் அவரைக் கட்டாயப்படுத்தலாம். அவருடைய சொந்த நன்மை அதற்குப் போதிய காரணம் ஆகாது என்றார். அமெரிக்காவின் ராபர்ட் நோசிக் 1974இல் வெளியிட்ட நூலில், காவலுக்கு மேல் எதுவும் செய்யாத குறும அரசே நியாயமானது என்று வாதிட்டார்.

மில்லைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1823 முதல் 1858 வரை அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சுதந்திரம் பற்றிய தம் கொள்கை பக்குவம் அடைந்த சமுதாயங்களுக்கு மட்டுமே என்று அந்த நூலிலேயே எழுதினார். நம்மைப் போன்ற நாடுகளை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை. சுதந்திரத்தைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் நூல் நம்மை வாசலிலேயே நிறுத்திவிட்டது. எனவே அந்தக் கொள்கையை நாம் கைகட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. நம் ஊர் வரலாற்றில் உரசிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். உரசிப் பார்க்கப் புதுச்சேரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

1819 ஜனவரி 6இல் இங்கே ஓர் ஆணை பிறந்தது. பிரெஞ்சு இந்தியாவில் வாழும் இந்தியர்கள், இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும், முன்போலவே தத்தம் சாதியின் சட்டம், வழக்கம், ஆசாரப்படிதான் நீதிமன்றத்தில் நடத்தப்படுவார்கள் என்றது அது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. வெள்ளைக்கார அரசு நம் குடும்ப விஷயத்தில் தலையிடவில்லை, நம் வழக்கத்தை மதித்தது என்று பெருமைப்படத் தோன்றும். லிபர்டேரியன்களில் ஒரு சாராருக்கும் இது பிடிக்கும். மேலிருந்து ஒருவர் வகுத்துத் தரும் சட்டத்தைவிட, மக்கள் வாழ்ந்து வாழ்ந்து தானாக விளைந்த வழக்கமே மேலானது என்று ஹயெக் என்ற சிந்தனையாளர் மூன்று தொகுதிகள் எழுதினார்.

இங்கேதான் நான் அவர்களோடு முரண்படுகிறேன். தாமாக விளைந்த வழக்கங்களில் சாதியும் ஒன்று. அரசு கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றதால் தனிமனிதருக்குச் சுதந்திரம் வந்துவிடவில்லை. அவர்மீது இருந்த அதிகாரம் சாதித் தலைவர்கள் கைக்கும் குடும்பத்து மூத்தவர்கள் கைக்கும் போனது. மகளுக்குச் சொத்து இல்லை என்பது வழக்கம். இன்னார் வீதியில் செருப்புப் போடக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்தை மீறினால் எந்தப் போலீஸ்காரரும் வரமாட்டார். ஆனால் தண்ணீர் கிடைக்காது, பெண் கிடைக்காது, பிணம் தூக்க ஆள் வராது. வற்புறுத்தல் சர்க்கார் முத்திரையோடு மட்டும்தான் வரும் என்று நினைப்பவர் நம் ஊரில் வாழ்ந்ததில்லை.

செருப்பு என்றேன். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் ஷூவும் காலுறையும் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்திய வழக்கறிஞர்கள் தங்கள் வழக்கப்படிதான் வர வேண்டும், இந்தக் காலணியோடு வரக் கூடாது என்றது நீதிமன்றம். பாருங்கள், வழக்கத்தை மதிக்கிறோம் என்று 1819இல் சொன்ன அதே வாக்கு, இங்கே ஒரு மனிதரின் காலைக் கட்டும் கயிறாகிவிட்டது. உன் வழக்கம் எது என்று உனக்கே நான் சொல்வேன், அதிலிருந்து நீ விலகக் கூடாது என்கிறது அரசு. பிள்ளை விடவில்லை. பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அவர் வழக்கு காலணியோடு நிற்கவில்லை. வழக்கத்திலிருந்து ஒரு மனிதர் வெளியேற முடியுமா என்ற கேள்வியாக வளர்ந்தது. 1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை வெளியிட்டது. பிரெஞ்சு இந்தியாவில் 21 வயது நிறைந்த எவரும், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ மதமோ, தம் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. அப்படித் துறந்தவர்களைத்தான் இன்றும் ரெனோன்சான்கள் என்கிறோம். பொன்னுத்தம்பி பிள்ளை முன்வரிசையில் நின்று துறந்தார். லப்போர்த் என்ற குடும்பப்பெயரை வைத்துக்கொண்டார்.

அந்தக் காரியம் எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். துறக்க விரும்புபவர் பதிவு அதிகாரியிடமோ நீதிபதியிடமோ நோட்டரியிடமோ போக வேண்டும். துறக்கிறேன் என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பன் பெயரின் முதலெழுத்துதான். எனவே ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து எழுத வேண்டும். அது பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் போகும். அவ்வளவுதான். மதம் மாற வேண்டியதில்லை. இந்து இந்துவாகவே கோயிலுக்குப் போகலாம், கிறிஸ்தவர் நம் விண்ணேற்பு அன்னை ஆலயத்துக்குப் போகலாம். மாறுவது சட்டம் மட்டும்.

இதன் அருமை பக்கத்து ஊரைப் பார்த்தால்தான் விளங்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1872இல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம், தம் சாதி மத வழக்கத்துக்கு வெளியே மணக்க விரும்பியவர்களிடம் நான் இந்து அல்லேன், கிறிஸ்தவன் அல்லேன், முஸ்லிம் அல்லேன் என்று அறிக்கை கேட்டது. வெளியேற வேண்டுமானால் கடவுளை வாசலில் விட்டுவிட்டு வா என்றது. புதுச்சேரி அதைக் கேட்கவில்லை.

அந்தக் கையெழுத்தால் ஒரு வீட்டில் நடந்த மாற்றம் என்ன? 1882இல் ஒரு தகப்பன் துறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். அன்று காலை வரை, மகன் இருக்கும்போது மகளுக்குப் பங்கு கிடையாது. மாலையில் இருவரும் சம வாரிசுகள். இந்தியாவின் மற்ற பகுதிகளில் தகப்பன் சொத்தில் இந்துப் பெண்ணுக்குச் சம வாரிசுரிமை 1956இல்தான் வந்தது, கூட்டுக் குடும்பச் சொத்தில் 2005இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. பொதுக்கூட்டம் இல்லாமல், ஊர்வலம் இல்லாமல், ஒரு மேசையில் ஒரு பேனாவால் அந்தப் பெண்ணுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னதாகவே கிடைத்துவிட்டது.

பிரெஞ்சுச் சட்டம் தகப்பனுக்கும் ஒரு கடிவாளம் போட்டது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதியை, இரண்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்கை, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கால் பங்கை மட்டும்தான் விருப்பப்படி பிறருக்கு எழுதிவைக்கலாம். மிச்சம் பிள்ளைகளுக்கு, அதை யாரும் தடுக்க முடியாது. கறாரான லிபர்டேரியன் இதைக் கேட்டால் கொதிப்பார். உழைத்துச் சேர்த்தவனுக்குத் தன் சொத்தை யாருக்கும் தரும் உரிமை இல்லையா என்பார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தகப்பன் அந்தச் சட்டத்துக்குள் தானே நடந்து வந்தான். வரும்போதே கடிவாளமும் சேர்த்துத்தான் வாங்கினான்.

துறந்தவர்களில் கிறிஸ்தவர்கள் அதிகம், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் நிறையப் பேர். எல்லோரும் சமத்துவக் கனவில் துறந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சுச் சேவையில் வேலை, சைகோன் பக்கம் உத்தியோகம், ஐரோப்பியரோடு ஒரே தட்டில் சம்பளம் என்ற ஆசையும் இருந்தது. அதில் தவறு ஒன்றும் இல்லை. சுதந்திரத்தை உயர்ந்த காரணத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அது சுதந்திரம் ஆகாது.

ஆனால் அந்த ஆணையில் மூன்று குறைகள் இருந்தன. அவை இன்றுவரை நம்மைத் தொடர்கின்றன என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன். ஆணைப்படி துறப்பு இறுதியானது. திரும்பப் பெற முடியாது. கணவன் துறந்தால் மனைவியும் துறந்தவளே. அவளை யாரும் கேட்கவில்லை. பெண்ணும் தனியே துறக்கலாம் என்று முதல் வரியில் எழுதிய அதே ஆணை, அடுத்த வரியில் அவளைக் கணவனோடு கட்டி அனுப்பிவிட்டது. வயது வராத பிள்ளைகளும் அப்படியே. இனி பிறக்கப்போகும் பேரன் பேத்திகளும் அப்படியே.

அரசியலும் உடனே உள்ளே புகுந்தது. ரெனோன்சான்கள் சட்டத்தால் பிரெஞ்சுக்காரருக்குச் சமம் என்றால் வாக்காளர் பட்டியலிலும் ஐரோப்பியரோடு ஒரே பட்டியலில்தானே வர வேண்டும்? அது வெள்ளையருக்கும் பிடிக்கவில்லை, சாதி வழக்கத்தைக் காக்கக் கிளம்பிய சண்முக வேலாயுத முதலியாரின் கட்சிக்கும் பிடிக்கவில்லை. 1884இல் ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று என மூன்று பட்டியல்கள் ஆயின. 1899இல் ரெனோன்சான்களுக்கான பட்டியலையே எடுத்துவிட்டார்கள். உன் சட்டத்தை நீ தேர்ந்துகொள் என்று 1881இல் சொன்ன அரசு, தேர்ந்துகொண்டவர்களின் வாக்குக்கு மதிப்பு வந்ததும் பயந்துவிட்டது.

இப்போது இன்றைக்கு வருவோம். 1963இல் இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தா என்று தனியே ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். ஆகவே இந்தியக் குடிமகனாகிய ஒருவர், முப்பாட்டன் போட்ட கையெழுத்தினால், பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் இருக்கிறார். பிரான்ஸோ அந்தச் சட்டத்தைப் பலமுறை திருத்திவிட்டது. கணவன் தடுக்க முடியாதபடி மனைவி வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கவும் 1965இல் வழிசெய்தது. இருவரும் ஒப்பினால் விவாகரத்து என்பதை 1975இல் கொண்டுவந்தது. அந்தத் திருத்தங்கள் கடல் தாண்டி இங்கே தாமாக வந்து சேரவில்லை. நம் பாராளுமன்றம் செய்யும் திருத்தமும் அவர்களைத் தொடவில்லை. முன்னோர் விடுதலை என்று நினைத்துத் தேர்ந்த சட்டத்துக்குள் பேத்தி பூட்டப்பட்டுக் கிடக்கிறாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். அரசு தலையிடுகிறதா இல்லையா என்பது அளவுகோல் அல்ல. வெளியே போக எனக்கு வழி இருக்கிறதா என்பதே அளவுகோல். அரசின் சட்டத்திலிருந்து, சாதியின் வழக்கத்திலிருந்து, தகப்பனின் கையெழுத்திலிருந்து, நேற்று நானே எடுத்த முடிவிலிருந்துகூட வெளியேற வழி இருக்க வேண்டும். நோசிக் இதன் ஒரு பாதியைத்தான் சொன்னார். மக்கள் விரும்பிய சமூகங்களைத் தாங்களே அமைத்துக்கொள்ளட்டும், பிடிக்காதவர் வெளியேறலாம் என்றார். வெளியேறுபவளுக்குக் கையில் காசு வேண்டும், தங்க இடம் வேண்டும், அடிக்க வருபவனைத் தடுக்க ஆள் வேண்டும். கதவைத் திறந்து வைத்திருப்பதற்கே ஓர் அரசு தேவைப்படுகிறது. அந்த வேலைக்கு நான் வரி கட்டத் தயார்.

வெளியேறும் வழி என்றால் நம் ஊர் எல்லையை நினைக்காமல் இருக்க முடியாது. 1908இல் பாரதியார் சென்னையிலிருந்து இங்கே வந்தார். அங்கே அச்சிட முடியாமல் போன 'இந்தியா' பத்திரிகை இங்கே அச்சானது. 1910இல் அரவிந்தர் வந்தார். அவர்களைக் காத்தது பிரெஞ்சு அதிகாரிகளின் கருணை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ஆளை இரண்டு அரசுகள் ஒருசேரப் பிடிக்க முடியவில்லை, அதுதான் காத்தது. 1911இல் வெளியூரார் இங்கே தங்க ஊர்ப் பெரிய மனிதர் ஐவரின் நற்சான்று வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கலவை சங்கரச் செட்டியார் முன்னின்று அந்த ஐந்து கையெழுத்துகளையும் வாங்கித் தந்தார். அந்த ஐவருக்கும் அது ஆபத்தில்லாத காரியம் அல்ல. அவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

அதே எல்லையில் இன்று வேறொரு போக்குவரத்து நடக்கிறது. சாராயம், பிராந்தி என்று புதுச்சேரியைக் கேலி பேசுவது தமிழ்நாட்டில் வழக்கம். அந்தக் கேலியை நான் ஏற்கவில்லை. மதுவிலக்கின் வரலாற்றைப் பாருங்கள். ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதே ராஜாஜிதான் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் பர்மிட், லைசென்ஸ் என்று மக்களை அலைக்கழிக்கும் அரசைத் தள்ளாத வயதில் எதிர்த்து நின்றார். வியாபாரி எதை உற்பத்தி செய்யலாம் என்று டெல்லி சொல்லக் கூடாது என்றவர், தொழிலாளி மாலையில் எதைக் குடிக்கலாம் என்று அரசு சொல்லலாம் என்று உறுதியாக நம்பினார். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்படப்போகிறது என்றதும், தொண்ணூறு வயதைக் கடந்த அந்தப் பெரியவர் கொட்டும் மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கொள்கையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மது வீடுகளை அழிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் குடிகாரன் மனைவியை அடிக்கும்போது தண்டிக்க வேண்டியது அந்த அடியை. கதவைத் தட்டினால் போலீஸ் வரும் என்ற நிச்சயத்தை அவளுக்குக் கொடுங்கள். தமிழ்நாட்டில் நடந்தது என்ன? முழுத் தடையில் இருந்த அரசு, 2003 முதல் டாஸ்மாக் வழியாகத் தானே ஒரே சில்லறைக் கடைக்காரராகிவிட்டது. தடை செய்தபோதும் விற்றபோதும் குடிமகனின் விருப்பத்தை அது ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தொழிலாளியைச் சொன்னதால் 1936ஐயும் சொல்ல வேண்டும். நெல்லித்தோப்பிலும் முதலியார்பேட்டையிலும் ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்த குடும்பங்கள் எத்தனையோ. பிரான்ஸில் 1884 முதல் சங்கம் அமைக்கும் உரிமை இருந்தது. இங்கே அரை நூற்றாண்டு கழித்தும் இல்லை. 1936 ஜூலை 30இல் சவானா ஆலையில் போராடிய தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 1937 ஏப்ரல் 6இல் சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் சட்டமாயின. வேலை நேரத்தை அரசு நிர்ணயிக்கலாமா என்று பஸ்தியாவின் சீடர்கள் கேட்பார்கள். அதற்கு முன்னால் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் சுதந்திரமாகப் பேசி ஒப்பந்தம் செய்யட்டும் என்கிறீர்கள். தொழிலாளிகள் சேர்ந்து பேசுவதையே குற்றமாக்கி, சேர்ந்தபோது சுட்டதும் அரசுதானே? அந்தத் துப்பாக்கியை முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டு பிறகு ஒப்பந்தச் சுதந்திரம் பேசுங்கள். என் கணக்கில் அன்றைய புதுச்சேரியின் உண்மையான சுதந்திரவாதிகள் அந்த ஆலைத் தொழிலாளர்களே.

தேர்வு பற்றிய இதே கேள்வி பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோதும் எழுந்தது. 1954 அக்டோபர் 18, கீழூர். மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170, எதிராக 8. சந்திரநாகூரில் 1949இல் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். இங்கே அப்படி இல்லை. இணைப்பை நான் முழு மனத்தோடு வரவேற்பவன். ஆனாலும் லட்சக்கணக்கானவரின் குடியுரிமையை 178 பேர் முடிவு செய்யலாமா என்று யாராவது கேட்டால் அவரைத் தேசத்துரோகி என்று சொல்ல மாட்டேன். நல்லவேளை, 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் தனிமனிதரை மறக்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். அப்படி எழுதிக் கொடுத்த சொல்தாக்களின், அதாவது பிரெஞ்சுப் படைவீரர்களின், குடும்பங்கள் இன்றும் நம் அண்டை வீட்டார். அவர்கள் வேறு நாட்டுக் குடிமக்கள் என்பதால் நமக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்த ஒப்பந்தத்திலும் பழைய குறை ஒன்று ஒளிந்திருந்தது. 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தகப்பனின் முடிவே தீர்மானிக்கும் என்று எழுதினார்கள். ஆனால் 16 வயது கடந்த, மணமான ஆண் பிள்ளை தானே தேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். பெண் பிள்ளைக்கு அது இல்லை. 1881 ஆணைக்குப் பின் 75 ஆண்டுகள் கழித்து, இரண்டு குடியரசுகள் உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தம் இது.

ஹெல்மெட்டுக்கு என் பதில் என்ன என்று முன்வரிசையில் இருக்கும் தம்பி கேட்கிறார். சொல்கிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கட்டாயமாக்குங்கள், மீறும் தகப்பனுக்கு அபராதம் போடுங்கள். அந்தக் குழந்தை ஆபத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. வயது வந்தவருக்கு அறிவுறுத்துங்கள், கெஞ்சுங்கள், அடிபட்டவர்களை அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள், ஹெல்மெட் போடாதவருக்குக் காப்பீட்டுத் தொகையைக் குறையுங்கள். அடிபட்டால் ஜிப்மர் மருத்துவமனையில் அவருக்கு ஆகும் செலவு ஊர்ப் பணம் அல்லவா என்ற வாதம் வலுவானதுதான். ஆனால் அதே வாதத்தை நீட்டினால் எண்ணெய்ப் பலகாரம் தின்பவருக்கும் அபராதம் போடலாம். மருத்துவமனை இலவசம் என்பது உன் உடலை அரசிடம் அடகு வைத்ததற்கான ரசீது ஆகிவிடக் கூடாது. நீங்கள் தயவுசெய்து ஹெல்மெட் போடுங்கள். நானும் போடுகிறேன்.

இதைவிடப் பெரிய கட்டாயம் ஒன்று நம் பதிவு அலுவலகங்களில் தாளாகத் தொங்குகிறது. சாதி மதம் பாராமல் மணக்க விரும்புகிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. நமக்குக் கிடைத்த இன்றைய ரெனோன்சியாசியோன், அதாவது துறப்பு, அது. ஆனால் கையெழுத்துப் போட்டால் போதாது. ஆறாவது பிரிவுப்படி இருவர் பெயரும் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படும். ஏழாவது பிரிவுப்படி 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பெண்ணோ பையனோ வேறு மாவட்டத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்றால் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும். ஓடி வந்த பெண்ணின் முகவரியை அரசே அவள் ஊருக்கு அனுப்பிவைக்கிறது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலையை அறிந்தவர்கள், அந்த நகல் எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் விரும்பினால் மட்டும் அறிவிப்பை ஒட்டினால் போதும் என்றது. நம் அலுவலகங்களில் அந்தப் பழைய பிரிவு அப்படியேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு 1976இல் ஒரு திருத்தம் செய்து, இரண்டு இந்துக்கள் இந்தச் சட்டப்படி மணந்தாலும் வாரிசுரிமையில் பொதுச் சட்டத்துக்குள் வர முடியாது, இந்துச் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்று இருந்த கதவையும் சாத்தினார்கள்.

பொதுச் சிவில் சட்டம் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். உத்தராகண்டில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில், மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒரு மாதத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும், இல்லையென்றால் சிறையோ அபராதமோ என்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று கேட்பவரிடம் நான் கேட்பது, அதற்குள் வர விரும்பாதவனை என்ன செய்வீர்கள் என்பதுதான். ஒரு பொதுச் சட்டத்தை நல்லதாக எழுதுங்கள். அதற்குள் வர ஒரு கையெழுத்துப் போதும் என்று வையுங்கள். மகளுக்குச் சம பங்கு உண்டென்றால் மகள்கள் வரிசையில் நிற்பார்கள்.

திருமணமும் வாரிசுரிமையும் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. புதுச்சேரி சட்டமன்றம் அவற்றில் கை வைக்கலாம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கினால் போதும். முன்பே செய்திருக்கிறது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து அவற்றைச் செல்லுபடியாக்கியது. 1971இல் புதுச்சேரியும் அதே பிரிவைச் சேர்த்துக்கொண்டது. புரோகிதரும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், மாலை மாற்றினால் போதும் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. அதைச் செய்த சட்டமன்றம், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் அறிவிப்பையும் இந்த ஊரில் எடுத்துவிட முடியும். வயது வந்த ரெனோன்சான் வாரிசு ஒருவர், ஆணோ பெண்ணோ, தம் பெயரில் தாமே ஒரு வாக்குமூலம் கொடுத்து இந்தியச் சட்டத்துக்குள் வரலாம் என்று ஓர் உட்பிரிவும் சேர்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு பக்கத் திருத்தம் போதும். அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியானாலும், இந்த இரண்டையும் செய்வீர்களா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.